ஜூரிக்கு நாற்பத்தொரு தடவை டாட்டா

எங்கள் முதலாளி வெண்டல் ஸ்டான்கி ஜூரியை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தது மில்வாக்கியில், ஒரு ஓட்டல் கருத்தரங்கில், மதியச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே. 'பெரிய நிறுவனங்கள் ஏன் நிம்மதியாகத் தூங்குகின்றன' என்பது கருத்தரங்கின் தலைப்பு. திரும்பி வந்தபோது அவர் கையில் மூன்று அங்குலத் தடிமனில் ஒரு ஃபைல் இருந்தது. முகத்தில் பெரிய நிறுவனத்தின் களை வந்திருந்தது.

நாங்கள் பெரிய நிறுவனம் இல்லை. எல்ம் பிரேரி என்ற ஊரில், சாலையோரக் கடைகளுக்கு ஃபைபர்கிளாஸ் பொம்மை செய்கிறவர்கள். சீஸ் கடை வாசலில் இருபதடி எலி, தூண்டில் கடைக் கூரையில் வாயைப் பிளந்த மீன், இந்த மாதிரி. அப்போது மொத்தம் முப்பத்து நாலு பேர். ஆள் எடுப்பது, லீவு எழுதுவது, ஆபீஸ் காபி மெஷினைத் தட்டித் தட்டி ஓடவைப்பது ஆகியவை என் வேலை.

"ஆர்லிஸ், இனிமே நம்மகிட்ட வேலை பாக்கிற ஒவ்வொருத்தரும் ஒப்பந்தத்துல ஒரு கையெழுத்துப் போடணும். நாளைக்கே தகராறு வந்து கோர்ட்டுக்குப் போனா ஜூரி கிடையாது. நீதிபதி ஒருத்தரே கேட்டு ஒருத்தரே தீர்ப்புச் சொல்லணும்" என்றார் வெண்டல்.

"நம்ம மேல யாரு கேஸ் போடப்போறாங்க?"

"பெரிய கம்பெனிங்க இப்படியெல்லாம் கேக்கமாட்டாங்க."

"ஜூரின்னா யாரு, நம்ம ஊர் ஜனங்கதானே வெண்டல்?"

"அங்கதான் ஆபத்தே. பன்னெண்டு பேரை ஒண்ணா உக்கார வச்சா மனசு இளகிடுமாம். தொழிலாளி பக்கம் சாஞ்சிடுவாங்களாம். கலர் கலரா படம் போட்டுக் காட்டினாங்க."

ஒவ்வொரு ஜூலை நான்காம் தேதி சுதந்திர தினத்துக்கும் பூங்காவில் வெண்டல் தன் கையால் சாசேஜ், அதாவது இறைச்சிக் குழல், சுட்டு, மாவட்டம் முழுவதுக்கும் இலவசமாகத் தருவார். போன வருஷம் இரண்டாயிரத்து நூறு சாசேஜ். எங்கள் மாவட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பன்னிரண்டு பேரைப் பிடித்தாலும், அவர்கள் மோவாயில் வெண்டல் தடவிக் கொடுத்த கடுகு விழுது ஒட்டிக்கொண்டிருக்கும். இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஃபைலை மார்போடு அணைத்தபடி அவர் நின்ற அழகைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

கருத்தரங்கில் பேசிய வக்கீல் மூன்று விஷயம் சொல்லியிருந்தார். எழுத்து கண்ணில் படும்படி இருக்கவேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து, மனசார விட்டுக்கொடுக்கவேண்டும். முதலாளியும் சேர்ந்தே விட்டுக்கொடுக்கவேண்டும். ஒருதலையாக இருந்தால் கோர்ட்டு முகம் சுளிக்கும்.

வேறு யாராவது என்றால் எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்கிவிட்டுப் போயிருப்பார்கள். வெண்டல் அந்த வாசகத்துக்குத் தனிப்பக்கம் கொடுத்தார். பக்கம் போதவில்லை என்று எட்டடிப் பலகை செய்யச் சொல்லி, வேட்டைக்காரர்கள் சட்டையில் போடும் ஆரஞ்சு நிறத்தில் எழுதவைத்து, சாப்பாட்டு அறையில் மாட்டினார். அப்புறம் 'தெரிந்து' என்ற இடத்தில் போய் நின்றார்.

"ஒரு பொருளைக் கண்ணாலயே பாக்காம எப்படி அதை விட்டுக்கொடுக்க முடியும்? ஜூரின்னா என்னன்னு அவங்களுக்குக் காட்டணும்."

கொல்லையில் யாரும் வாங்காத பொம்மைகள் கிடந்தன. தலைக்கவசத்தில் ஒற்றைக் கொம்பே மிஞ்சிய வைக்கிங் வீரன். ஒன்றரைக் கண் பசு. இரண்டும் இடது கையாகப் போய்விட்ட கடற்கன்னி. கடைசி நேரத்தில் கடைக்காரர் ஓடிப்போனதால் எங்களிடமே தங்கிவிட்ட, பன்னுக்குள் வைத்த சாசேஜுக்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கும் ஹாட் டாக் மனிதன். இன்னும் எட்டு உருப்படி தேற்றினோம். பன்னிரண்டு பேரையும் கழுவித் துடைத்து, சாப்பாட்டு அறையில் இரண்டு வரிசையாக உட்கார வைத்தோம். அதுதான் எங்கள் ஜூரி.

சடங்கு இப்படி நடக்கும். சர்ச் பாடகர் குழுவிடம் இரவல் வாங்கிய மெரூன் அங்கியைப் போட்டுக்கொண்டு வெண்டல் நிற்பார். ஆரஞ்சுப் பலகையைத் தொழிலாளி சத்தமாகப் படிப்பார். பிறகு ஒவ்வொரு பொம்மையிடமும் போய், "ரொம்ப நன்றி, உங்க உதவி எனக்கு வேண்டாம், போயிட்டு வாங்க" என்று கைகுலுக்கி விடைகொடுக்கவேண்டும். முதலாளியும் விட்டுக்கொடுக்கவேண்டுமே, அதனால் வெண்டல் பின்னாலேயே வந்து அதையே சொல்வார். மற்ற எல்லோரும் சாட்சியாக நிற்போம். நான் வீடியோ எடுப்பேன்.

ஐந்து நிமிஷ வேலை என்றுதான் நினைத்தோம். ஆனால் விடைகொடுப்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. "சரி, அப்புறம்" என்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தால் அது முதல் பாகம். கதவருகே நின்று பேசுவது இரண்டு. வாசலில் மூன்று. காரின் கண்ணாடியை இறக்கச் சொல்லி நாலு. இதைக் குறைத்துச் செய்தால் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். பொம்மையாக இருந்தால் என்ன, மரியாதை மரியாதைதானே? வைக்கிங்கிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, பசுவிடம் அதன் வீட்டாரைப் பற்றி இரண்டு வார்த்தை என்று ஒரு சடங்குக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இருந்த முப்பத்து நாலு பேருக்கும் செய்து முடித்த அந்த வசந்தகாலத்தில் தொழிற்சாலையிலிருந்து ஒரு எலிகூட வெளியே போகவில்லை.

அதன் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். ஏழாவது ஆள், அதாவது நாற்பத்தோராவது சடங்குக்கு உரியவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்த லைல். அன்றுதான் டொரீன் சிரித்தாள்.

டொரீன் பதினெட்டு வருஷமாகப் பொம்மைகளுக்குக் கண் வரைகிறவள். இந்தப் பக்கத்து நெடுஞ்சாலைகளில் உங்களை முறைக்கிற கண்கள் அத்தனையும் அவள் கைவண்ணம். கைகால் கழன்றால் பிசின் வைத்து ஒட்டுவதும் அவள்தான். வேறு யார் ஒட்டினாலும் நிற்காது. ஹாட் டாக் மனிதனின் வலது கை ஆடுகிறது என்று மூன்று வருஷத்தில் மூன்று சீட்டு எழுதி என்னிடம் கொடுத்திருந்தாள். மூன்றிலும் வெண்டல் 'அவசரமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

லைல் கூச்ச சுபாவக்காரர். ஆனால் ஒன்றேகால் மணி நேர விடைபெறுதலில் பாவம், மனம் கரைந்துவிட்டார். கடைசி ஆளான ஹாட் டாக் மனிதனிடம் வந்ததும் கைகுலுக்கினால் போதாது என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். விலகியபோது பொம்மையின் வலது கை தோளிலிருந்து கழன்று அவரோடு வந்துவிட்டது.

அங்கேயே வெண்டல் நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சடங்கு சடங்கு. லைலிடமிருந்து அந்தக் கையை வாங்கினார். இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன் வலது கையால் அதைப் பிடித்துக் குலுக்கினார். "வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்றார் கம்பீரமாக.

டொரீன் சிரித்த சிரிப்பு, பசுவுக்கு ஆஸ்துமா வந்தது மாதிரி இருந்தது. வீடியோவில் நாலு நிமிஷம் பதினோரு விநாடி. மற்ற நாங்கள் எல்லோரும் சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்பக்கம் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தோம்.

மறுநாள் காலை அவள் மேஜையில் கடிதம் இருந்தது. நிறுவனத்தின் சட்டபூர்வ நடைமுறையை அவமதித்த குற்றத்துக்காக வேலை நீக்கம்.

"சிரிச்சது தப்புதான் ஆர்லிஸ், நான் இல்லேங்கலையே" என்றாள் டொரீன், தூரிகைகளைக் கழுவிக்கொண்டே. "ஆனா ரஸ்ஸோட முட்டி என்ன தப்புப் பண்ணிச்சு?"

ரஸ் அவள் புருஷன். ஒரு முட்டியை மாற்றியாயிற்று, அடுத்த முட்டிக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்தச் செலவுக்கான இன்சூரன்ஸ் டொரீனின் வேலையோடு வருவது. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும், இன்சூரன்ஸ் போனால் முட்டி போகும். அக்டோபருக்குள் இன்சூரன்ஸ் காகிதம் வராவிட்டால் வரிசையில் கடைசியில் போய் நிற்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நிற்பதுதான் ரஸ்ஸுக்கு முடியாத காரியம்.

டொரீன் கேஸ் போட்டாள். வெண்டலின் தடிமனான ஃபைலில் இருந்த ஒப்பந்தப்படி, பத்து வருஷம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமில்லாமல் நீக்கினால் அதே வேலையைத் திருப்பித் தரவேண்டும். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இருந்ததென்று அவர் படிக்காமலே சேர்த்த வரி அது. டொரீனின் வக்கீல் மார்வின், மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு உயில் எழுதிக் கொடுக்கிறவர். கோர்ட்டுக்கு வரும் அவசரத்தில் சில சமயம் ரப்பர் பூட்ஸைக் கழற்ற மறந்துவிடுவார்.

நோட்டீஸ் வந்த அன்று வெண்டல் ஜாலியாகத்தான் இருந்தார். கேஸ் யாரிடம் போகிறது என்று பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். எங்கள் மாவட்டத்துக்கு ஒரே நீதிபதி, பெல்வா ஹார்க்கின். அரிசோனாவிலிருந்து வந்தவர். இங்கே யாருக்கும் அவர் உறவு இல்லை. அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும்விட, அவர் சைவம். ஜூலை நான்காம் தேதி பூங்காவுக்கு வந்து, வெறும் பன்னில் கடுகு விழுது தடவித் தின்றுவிட்டுப் போன ஒரே ஜீவன்.

"ஆர்லிஸ், எனக்கு ஜூரி வேணும்."

"நாப்பத்தொரு தடவை கைகுலுக்கி அனுப்பி வச்சோமே வெண்டல்."

"திரும்பக் கூப்பிடு."

"ஆரஞ்சுப் பலகைல..."

"அந்தப் பலகையைத் திருப்பி வை முதல்ல! மாவட்டத்துல எல்லாருக்கும் என்னைத் தெரியும். என் கையால தின்னவங்க. அவங்ககிட்ட நியாயம் கேக்க எனக்கு உரிமை இல்லையா? இதென்ன நாடு?"

மாநிலத் தலைநகர் மாடிசனிலிருந்து பிரென்ட் என்ற வக்கீலை வரவழைத்தார். ஒல்லியான கோட்டு, அதைவிட ஒல்லியான டை. மார்வினிடம் பேசிப் பார்த்தார்கள். ஜூரிக்கு அவரும் சம்மதித்தால் ஜூரி வந்துவிடும்.

"நானே நாலு சாசேஜ் தின்னவன். என்னையே நான் நம்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டார் மார்வின்.

ஆகவே பிரென்ட் மனுப்போட்டார். தன் கட்சிக்காரர் ஜூரியை விட்டுக்கொடுக்கவே இல்லை என்பது வாதம். நாற்பத்தொரு வீடியோக்களும் நீதிபதியின் மேஜைமேல் அடுக்கி வைத்திருக்க, அந்த மனிதர் கண்ணிமைக்காமல் இதைச் சொன்னார்.

"மேடம், இந்த ஊர் வழக்கத்தை கோர்ட் கவனத்துல எடுத்துக்கணும். இங்க 'போயிட்டு வாங்க'ன்னு சொன்னா, போகச் சொல்றதா அர்த்தம் இல்லை. அது ஒரு ஆரம்பம், அவ்வளவுதான். சொன்னவங்களும் போகமாட்டாங்க, கேட்டவங்களும் விடமாட்டாங்க. மிஸ்டர் ஸ்டான்கி நாப்பத்தொரு தடவை விடைகொடுத்தார், சரி. ஆனா ஒரு தடவையாவது அந்த ஜூரி போச்சா? இன்னைக்கும் சாப்பாட்டு ரூம்லதான் உக்காந்திருக்கு!"

கோர்ட்டில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் தலையாட்டினோம். அதில் உண்மை இருந்தது. டொரீன்கூட ஆட்டிவிட்டாள். மார்வின் பூட்ஸால் அவள் காலைத் தட்டினார்.

நீதிபதி பெல்வா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம். பக்கத்து வீட்ல காபிக்குக் கூப்பிட்டாங்க. நாலு மணிக்கு நான் கிளம்பறேன்னு எந்திரிச்சேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்போ அஞ்சே கால். நடுவுல எனக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்தாங்க. அதனால வழக்கம் எனக்குத் தெரியும் வக்கீல் சார். ஆனா ஒண்ணு. அஞ்சே காலுக்கு நான் போயிட்டேன். எவ்வளவு நீளமா இருந்தாலும் அது ஒரு இடத்துல முடியுது. உங்க கட்சிக்காரர் நாலு பாகத்தையும் விடாம செஞ்சிருக்கார். பன்னெண்டாவது வீடியோல கடற்கன்னிக்கு டப்பால பலகாரம் கட்டிக் கொடுக்கிறார். பலகாரம் கொடுத்தப்புறம் யாரும் தங்கறதில்லை."

இதற்கும் நாங்கள் தலையாட்டவேண்டியிருந்தது.

"மனு தள்ளுபடி. நானே விசாரிக்கிறேன்" என்றார் நீதிபதி. "அந்தப் பொம்மைகளையும் கொண்டு வாங்க. என்னத்தைப் பாத்துச் சிரிச்சாங்கன்னு நான் பாக்கணும்."

விசாரணை செப்டம்பர் கடைசி வாரத்தில். வெண்டலுக்கு உற்சாகம் திரும்பியிருந்தது. அங்கியோடு தன்னை நேரில் பார்த்தால் அரிசோனாக்காரிக்கும் மரியாதை வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஹாட் டாக் மனிதனின் கையைத் தானே ஒட்டினார். "பிசினும் பிரஷ்ஷும் இருந்தா யாரும் ஒட்டலாம், ஆர்லிஸ்." பொம்மைகளை லைல் லாரியில் ஏற்றி வந்தார். அத்தனையையும் வைக்க கோர்ட்டில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. ஜூரி உட்காரும் பன்னிரண்டு நாற்காலி.

அப்படியாக வெண்டல் கேட்ட ஜூரி அவருக்குக் கிடைத்தது. வைக்கிங் வீரன் முன்வரிசையில் உட்கார்ந்து, பார்க்கவே ரொம்ப விஷயம் தெரிந்தவன் மாதிரி இருந்தான்.

முதலில் நாற்பத்தோராவது வீடியோவை முழுதாகப் போட்டார்கள். ஒன்றேகால் மணி நேரம். டொரீனின் சிரிப்பு வந்ததும் பின்வரிசையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் போட்டார்கள். நீதிபதியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. பிறகு நான் சாட்சிக் கூண்டில் ஏறி மூன்று சீட்டுகளையும் காட்டினேன். 'அவசரமில்லை', 'அவசரமில்லை', 'அவசரமில்லை' என்று மார்வின் படித்தார்.

அடுத்து வெண்டல்.

"அது கேலிக்கூத்து இல்லை மேடம். ரொம்ப கௌரவமான நடைமுறை. நேர்ல பாத்தீங்கன்னா புரியும்."

பிரென்ட் அவர் கோட்டைப் பிடித்து இழுப்பதற்குள் வெண்டல் அங்கியை மாட்டிக்கொண்டு ஜூரிப் பெட்டிக்குப் போய்விட்டார். நேரே ஹாட் டாக் மனிதன் முன்னால் நின்றார். "ரொம்ப நன்றி, போயிட்டு வாங்க" என்று கையை நீட்டிக் குலுக்கினார். ஒரு குலுக்கல் தாங்கியது. இரண்டாவதில் கை கழன்றது. அவர் பின்னால் சாய, அங்கி வைக்கிங்கின் ஒற்றைக் கொம்பில் மாட்டிக்கொள்ள, முதலாளி ஃபைபர்கிளாஸ் கையை உயர்த்திப் பிடித்தபடி, சத்தியப் பிரமாணம் எடுக்கிறவர் மாதிரி நின்றார்.

கோர்ட்டே வெடித்தது. காவலர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மார்வின் பூட்ஸைத் தரையில் உதைத்துச் சிரித்தார். பிரென்ட் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார், ஆனால் ஒல்லி டை குலுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். நீதிபதி, டொரீன். டொரீன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் துடிக்கிற ஒருவரைப் பார்க்கிற நர்ஸ் மாதிரி.

சத்தம் அடங்கியதும் நீதிபதி கேட்டார்: "மிஸ்டர் ஸ்டான்கி, உங்க வக்கீல் சிரிச்சார். பாத்தீங்களா?"

"பாத்தேன்." கொம்பில் தொங்கியபடியே சொன்னார்.

"அவரை வேலையை விட்டு அனுப்பப் போறீங்களா?"

வெண்டல் பிரென்டைப் பார்த்தார். "இப்ப முடியாதே மேடம். கேஸ் பாதில நிக்குது. அவர் வேலை இன்னும் முடியலையே."

"அப்ப சிரிச்சதுக்காக ஆளை அனுப்பறதில்லை. வேலை இருந்தா வச்சுக்கறீங்க."

"அது வந்து..."

"அந்தக் கையை யாரு ஒட்டினா?"

"நான்தான்."

"யாரு ஒட்டினா நிக்கும்?"

வெண்டல் கையைப் பார்த்தார். பன்னிரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். பூங்காவில் சாசேஜ் தின்ற முகங்கள் பின்வரிசையில் நிறைய இருந்தன, அவற்றையும் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"டொரீன்" என்றார்.

"எழுதிக்கோங்க" என்றார் நீதிபதி, சுருக்கெழுத்துக்காரப் பெண்ணிடம். நீக்கத்துக்குத் தகுந்த காரணம் இல்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து அதே வேலை, அதே இன்சூரன்ஸ். சொல்லிவிட்டு எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுருக்கெழுத்துக்காரப் பெண் இதையும் எழுதுவதா என்று காவலரைக் கேட்டாள். "குழாயில காத்து" என்றார் அவர்.

கூட்டம் கலைய, அதாவது கலைவதற்கான முதல் பாகம் தொடங்க, டொரீன் தன் கைப்பையைத் திறந்து பிசின் டப்பாவை எடுத்தாள். அதைக் கோர்ட்டுக்கு ஏன் கொண்டுவந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

"இறங்குங்க வெண்டல். கையைக் கொடுங்க. இப்படியா ஒட்டுவாங்க? பழைய பிசினைச் சுரண்டவே இல்லை."

"சுரண்டணும்னு எனக்கு யாரு சொன்னா?"

"மூணாவது சீட்டுல எழுதியிருந்தேன்."

சுரண்டினாள், தடவினாள், தோளில் பொருத்தினாள். "பிடிச்சுக்கோங்க. நாப்பது நிமிஷம் அசையக்கூடாது."

மாவட்டத்தின் மிகப் பெரிய பொம்மைத் தொழிலதிபர், மெரூன் அங்கியில், ஜூரிப் பெட்டிக்குள், ஹாட் டாக் மனிதனின் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். டொரீன் கடற்கன்னிக்குப் பக்கத்தில் ஓரமாகச் சாய்ந்துகொண்டாள். வாசலில் ரஸ் மீன்பிடிக் கோலைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

"ரஸ்ஸுக்கு எப்ப ஆபரேஷன்?" என்றார் வெண்டல்.

"காகிதம் போனா அக்டோபர் பத்தொம்பது."

"ஆர்லிஸ், காகிதத்தை இன்னைக்கே அனுப்பு." அவர் தலையைத் திருப்ப, டொரீன் அதட்டினாள்: "அசையாதீங்கன்னேன்ல!"

"மூக்கு அரிக்குது, டொரீன்."

டொரீன் வைக்கிங்கின் கொம்பில் தொங்கிய அங்கியின் கிழிந்த துண்டை எடுத்து, முதலாளியின் மூக்கைத் தேய்த்துவிட்டாள். நான் காகிதத்தை அனுப்ப ஆபீசுக்குக் கிளம்பினேன். கிளம்புகிறேன் என்று சொன்னது மூன்றே முக்காலுக்கு. போய்ச் சேர்ந்தது ஐந்துக்கு.